கானலெட்டோ கண்ட துறைமுகம்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. அதன் அகலம் இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுதி. உயரம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர். கித்தானின்மேல் எண்ணெய் வண்ணம் கொண்டு தீட்டப்பெற்ற அவ்வோவியத்தில், இத்தாலி நாட்டு வெனிஸ் மாநகரின் துறைமுகம் விரிந்து கிடக்கிறது. அதனை 1738-ஆம் ஆண்டை ஒட்டி வரைந்தவர் கானலெட்டோ என்னும் பெயரால் உலகம் அறிந்த ஓவியர்.

வானொலியில் ஓவியத்தைக் காட்ட இயலாது; சொல்லத்தான் இயலும். ஆதலின் மாணவ நண்பர்கள் சிறிது நேரம் தங்கள் மனக்கண்ணையே கித்தானாகக் கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் வானத்தைக் காணுங்கள். பெரும்பரப்பை வானமே கொண்டிருக்கிறது. வெண்முகில்கள் ஆங்காங்கே திரண்டு நிற்கின்றன; அவற்றினூடே வெயில் வடிகிறது. கீழே அமைதியான நீர்ப்பரப்பு. அது கடலே எனினும் அலைகடல் அன்று. மணல்திட்டுகள் காவலாக நிற்க, அவற்றின் உட்புறம் அடங்கிக் கிடக்கும் காயல். நீரின்மேல் எண்ணற்ற கலங்கள்: பாய் சுருட்டி நங்கூரம் இட்டு நிற்கும் பெருங்கப்பல்கள், சரக்கு ஏற்றிச் செல்லும் தோணிகள், ஒற்றைத் துடுப்பால் உந்தப்பெறும் கொண்டோலா என்னும் மெல்லிய கரும்படகுகள். இடப்பக்கம் நகரத்தின் கரையும், குடியரசுத் தலைவராகிய டோஜின் மாளிகையும் தெரிகின்றன. வலப்பக்கம் ஒரு தீவின்மேல் சான் ஜார்ஜோ மஜ்ஜோரே ஆலயம் தன் வெண்மையான முகப்போடு நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் பல்லாடியோ என்னும் கட்டடக் கலைஞர் அதற்கு வடிவம் வகுத்தார். அதன் அருகே ஒரு மணிக்கூண்டு. ஓவியத்தில் நாம் காணும் அம்மணிக்கூண்டு இன்று இல்லை. அது 1774-இல் இடிந்து வீழ்ந்தது. இப்பொழுது நிற்பது 1791-இல் எழுப்பி முடிக்கப்பெற்றது.

இந்த ஓவியத்தைக் காண்போர் உள்ளத்தில் இயல்பாக ஒரு வினா எழும். வெனிஸ் நகரம் மெய்யாகவே இவ்வாறுதான் இருந்ததா? ஓவியர் கண்டதைக் காட்டினாரா, அல்லது விரும்பியதைக் காட்டினாரா? கலை ஆர்வலர் மட்டும் கேட்கும் வினா என்று இதனைத் தள்ளிவிட இயலாது. ஒரு நகரம் பிழைத்திருக்குமா என்பதைப் பற்றிய ஆராய்ச்சியும் இவ்வினாவோடு தொடர்பு கொண்டிருக்கிறது. அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

ஓவியரின் இயற்பெயர் ஜொவானி அன்டோனியோ கானல். 1697-இல் வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தை பெர்னார்டோ கானல், நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை தீட்டுபவர். தந்தையிலிருந்து வேறுபடுத்த, ‘சிறிய கானல்’ என்னும் பொருளில் மகனைக் கானலெட்டோ என்று அழைத்தனர். இளமையில் தந்தையோடு சேர்ந்து நாடகத் திரைகளே தீட்டினார். தட்டையான திரையில் நீண்ட தெருவும் ஆழ்ந்த மண்டபமும் தோன்றுமாறு செய்ய வேண்டுமானால், அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் கணக்கைக் கை தவறாமல் கற்றிருக்க வேண்டும். அந்தக் கணக்கை அவர் அரங்கிலே கற்றார். 1720-ஐ ஒட்டி, அரங்கத்தை விட்டு நகரத்தையே தம் பொருளாகக் கொண்டார்.

நகரக் காட்சிகளை உள்ளவாறு தீட்டும் ஓவியத்திற்கு இத்தாலிய மொழியில் ‘வெதூத்தா’ என்று பெயர். காட்சி என்பது அதன் பொருள். அக்காலத்தில் இங்கிலாந்து நாட்டுச் செல்வக் குடும்பத்து இளைஞர்கள், கல்வியின் நிறைவாக ஐரோப்பா முழுதும் சுற்றுலா மேற்கொள்வது வழக்கம். அவர்கள் வெனிஸ் நகரைக் கண்டு வியந்தனர். திரும்புங்கால் அந்நகரின் நினைவை ஓவியமாகக் கொண்டு செல்ல விரும்பினர். ஒளிப்படம் தோன்றுதற்கு ஒரு நூற்றாண்டு முந்திய காலம் அது. நாம் இன்று கண்ட பாஸ்டன் ஓவியமும் இங்கிலாந்து நாட்டு கார்லைல் பிரபுவின் மாளிகையில் இருநூறு ஆண்டுகள் தொங்கிய பின்னரே, 1939-இல் அமெரிக்கா சென்றது. கானலெட்டோவுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே தரகராக விளங்கியவர் வெனிஸில் வாழ்ந்த ஜோசப் ஸ்மித் என்னும் ஆங்கில வணிகர். அவர் தமக்கெனச் சேர்த்து வைத்திருந்த கானலெட்டோவின் ஐம்பது ஓவியங்களும் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட வரைபடங்களும் 1762-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு விற்கப்பெற்றன.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கையைக் கொள்ள வேண்டும். ஊர் காண வந்தவர்க்கு விற்பதற்காகத் தீட்டிய ஓவியம் ஊரின் பெருமையைத்தான் காட்டும். ஊரின் கவலையைக் காட்டாது. ஓவியத்திலே துறைமுகம் நிறைந்து வழிகிறது. வரலாறோ வேறு செய்தி கூறுகிறது. இந்தியாவின் மிளகையும் கீழை நாடுகளின் பட்டையும் ஐரோப்பாவுக்கு விற்று வளர்ந்த நகரம் வெனிஸ். 1498-இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கள்ளிக்கோட்டையை அடைந்தார். அதன்பின் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கீழ்த்திசை வாணிகத்தைச் சிறிது சிறிதாகத் தம் வசம் ஆக்கிக்கொண்டனர். 1719-இல் திரியெஸ்த் நகரமும் 1732-இல் அங்கோனா நகரமும் சுங்க வரி இல்லாத் துறைமுகங்களாக அறிவிக்கப்பெற்று, வெனிஸுக்கு அண்மையிலேயே போட்டியாக எழுந்தன. கானலெட்டோ இந்தத் துறைமுகத்தைத் தீட்டிய காலத்தில் வெனிஸின் உச்சிப்பொழுது கடந்து போயிருந்தது. 1797-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், நெப்போலியன் படையின் அச்சத்தால், அந்நகரின் பேரவை தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. ஓவியம் பிறந்து அறுபது ஆண்டுகள் நிறையுமுன் அது போற்றிய குடியரசு மறைந்தது. இச்சரிவின் நிழல் ஓவியத்தில் எங்கும் விழவில்லை.

வேறொன்றும் உண்டு. பாஸ்டன் ஓவியத்தில் நாம் காணும் அகன்ற காட்சி, ஓரிடத்தில் நின்று ஒரே நோக்கில் கண்ட காட்சி அன்று. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நின்று கண்டவற்றை ஓவியர் ஒன்றாக இணைத்திருக்கிறார். வேறு சில ஓவியங்களிலும், காட்சி அழகுற அமையும் பொருட்டுக் கட்டடங்களைச் சிறிது நகர்த்தியிருக்கிறார். கால்வாயைச் சற்று அகலமாக்கியிருக்கிறார். அங்ஙனமாயின் அவரை எவ்வாறு நம்புவது?

அவர் தொழில் செய்த முறையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அக்கால ஓவியர்களுக்கு ‘இருட்டறைப் பெட்டி’ என்னும் கருவி அறிமுகமாயிருந்தது. எல்லாப் பக்கமும் மூடிய ஒரு பெட்டியில் சிறு துளை ஒன்று இட்டு, அதில் ஒரு வில்லையைப் பொருத்தினால், வெளியே உள்ள காட்சி உட்புறத்தில் தலைகீழாக விழும். ஆடி ஒன்றைச் சாய்த்து வைத்து அதனை நிமிரச் செய்து, தாளின்மேல் விழும் உருவத்தின் விளிம்புகளைக் கரிக்கோலால் பின்பற்றி வரையலாம். இன்றைய ஒளிப்படக் கருவியின் பாட்டன் இப்பெட்டி. கானலெட்டோவும் இதனைக் கையாண்டார் என்பது நெடுங்காலமாக நிலவும் கருத்து. அவருடைய வரைகுறிப்பேடு ஒன்று வெனிஸ் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்பெற்று வருகிறது. கட்டடங்களின் சாளரங்களும் வாயில்களும் புகைபோக்கிகளும் அதில் வரிசை வரிசையாகக் குறிக்கப்பெற்றிருக்கின்றன. 2017-இல் இங்கிலாந்து அரச சேகரிப்பில் உள்ள அவருடைய வரைபடங்களை அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்தபோது, மை தீட்டுமுன் அளவுகோலும் கரிக்கோலும் கொண்டு அவர் இட்ட அடிக்கோடுகள் வெளிப்பட்டன. பெட்டி எவ்வளவு உதவியது என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. அளந்து வரைந்தவர் அவர் என்பதில் ஐயம் இல்லை. காட்சியின் அமைப்பில் உரிமை எடுத்துக்கொண்ட அந்த ஓவியர், ஒரு தனிச் சுவரையோ வாயிற்படியையோ வரையும்போது உள்ளதை உள்ளவாறே குறித்தார்.

அவ்வாறு குறித்தவற்றுள் ஒன்று, பாசி.

வெனிஸ் நகரத்துத் தெருக்கள் பலவும் கால்வாய்கள். வீடுகளின் வாயிற்படிகள் நீருக்குள் இறங்குகின்றன. நாள்தோறும் கடல் ஓதம் ஏறுகிறது, இறங்குகிறது. ஓதம் நனைக்கும் உயரம் வரையில் சுவரிலே பசுமை கலந்த பழுப்புப் பாசி படர்கிறது; அதற்கு மேல் படர்வதில்லை. ஆதலின் ஒவ்வொரு சுவரிலும் ஒரு பாசிக்கோடு தோன்றுகிறது. நாள்தோறும் ஏறும் ஓதத்தின் சராசரி உயரத்தை இயற்கையே எழுதிக் காட்டும் கோடு அது. வெனிஸ் மக்கள் பண்டு தொட்டு இக்கோட்டை நீர்மட்டத்தின் அளவாகக் கொண்டனர். அதனைச் சுவர்களில் பொறித்தும் வைத்தனர். துறைமுகத்தை விரிவாகக் காட்டும் பாஸ்டன் ஓவியம் போன்றவற்றில் சுவர்கள் தொலைவில் இருப்பதால் கோடு நன்கு புலப்படாது. ஆனால் பெருங்கால்வாயின் கரையிலுள்ள மாளிகைகளை அருகிலிருந்து காட்டும் ஓவியங்களில், கானலெட்டோவும், அவருடைய உடன்பிறந்தாள் மகனும் மாணவருமான பெர்னார்டோ பெல்லோட்டோவும் அந்தப் பாசிக்கோட்டைத் தெளிவாகத் தீட்டியிருக்கின்றனர். மாளிகையின் பெருமையைக் காண விரும்பிய எவரும் பாசியைக் காண விரும்பியிருக்க மாட்டார்கள். ஓவியர்க்கும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ காரணம் இல்லை. கண்டார், வரைந்தார்.

டாரியோ கமுஃபோ என்னும் இத்தாலிய அறிவியலாளரும் அவருடைய துணைவரும் இதனைப் பயன்படுத்தினர். வெனிஸில் கடல்மட்டத்தைக் கருவி கொண்டு முறையாக அளக்கத் தொடங்கியது 1872-இல்தான். அதற்கு முந்திய நிலையை அறிய வழி யாது? அவர்கள் 1727-க்கும் 1758-க்கும் இடையே தீட்டப்பெற்ற ஓவியங்களை எடுத்துக்கொண்டனர். நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போல ஒவ்வொன்றையும் சோதித்தனர். ஓவியத்திலுள்ள கட்டடம் இன்றும் மாறாமல் நிற்கிறதா? அதன் வாயிலும் சாளரமும் ஓவியத்தில் சரியான விகிதத்தில் உள்ளனவா? இடையில் அது பழுதுபார்க்கப்பெற்றுப் படிகளும் சுவர்களும் மாற்றப்பட்டனவா? இச்சோதனையில் தேறிய ஓவியங்கள் மிகச் சிலவே. தேறியவற்றில் பாசிக்கோடு எந்தக் கல்லின்மேல், எந்தப் படியின்மேல் இருக்கிறது என்று கண்டு, அதே கட்டடத்தில் இன்று கோடு எங்கே இருக்கிறது என்று அளந்தனர். இன்றைய இயந்திரப் படகுகள் எழுப்பும் அலையினாலும் ஆழப்படுத்திய கால்வாய்களாலும் நீர் மிகுதியாகத் தெறிக்கிறது. அதற்குரிய அளவைக் கழித்தனர். 2003-இல் வெளியான அவர்களின் முடிவு இது: கானலெட்டோ காலத்திலிருந்து நகரத்தின் சுவர்களில் நீர் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பதினொரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் அவர்கள் கூறினர்.

60 சென்டிமீட்டர் என்பது முழங்காலுக்கு மேல் எட்டும் அளவு. இதில் அஞ்சுதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். வெனிஸ் நகரம் கட்டப்பெற்ற முறையை அறிந்தால் அச்சத்தின் காரணம் விளங்கும். காயலின் சேற்று நிலத்தில் எண்ணற்ற மரக்கழிகளை நெருக்கமாக அறைந்து, அவற்றின்மேல் அடித்தளம் இட்டு மாளிகைகளை எழுப்பினர். அடிப்பகுதியை இஸ்திரியா நாட்டிலிருந்து கொணர்ந்த வெண்கல்லால் கட்டினர். அக்கல் நீரை எளிதில் உறிஞ்சாது. அதற்கு மேலேதான் செங்கல். ஓதம் கல்லை மட்டும் தொட்டுத் திரும்பும் வரையில் சுவருக்குத் தீங்கு இல்லை. நீர் உயர்ந்து செங்கல்லைத் தொடத் தொடங்கியதும், செங்கல் உப்புநீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரம் சுவரின் உயரத்திற்கு ஏறுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு பளிங்காக உறைந்து, செங்கல்லை உள்ளிருந்தே பிளந்து உதிர்க்கிறது. முன்னோர் வகுத்த எல்லைக் கல்லைக் கடல் கடந்துவிட்டது என்பதே அந்த 60 சென்டிமீட்டரின் பொருள்.

நீர் உயர்ந்ததற்குக் காரணம் இரண்டு. கடல் உயர்கிறது, நிலம் தாழ்கிறது. சேற்று நிலம் இயல்பாகவே அமுங்குவது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், காயலின் மறுகரையிலுள்ள மார்கேரா தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால் நிலம் விரைந்து தாழ்ந்தது. 1970-ஐ ஒட்டி அவ்விறைப்பு கட்டுப்படுத்தப்பெற்றது, தாழ்வும் குறைந்தது. ஆனால் புவி வெப்பம் ஏறுவதால் கடல் உயர்வது நிற்கவில்லை. 1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், வழக்கமான அளவுக்குறிக்கு மேல் 194 சென்டிமீட்டர் உயரம் நீர் ஏறி நகரை மூழ்கடித்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் 187 சென்டிமீட்டர் ஏறியது. நகரின் தாழ்ந்த பகுதியாகிய சான் மார்க்கோ சதுக்கத்தில் 80 சென்டிமீட்டரிலேயே நீர் புகத் தொடங்கும் என்பதை நினைத்தால் இவ்வெள்ளங்களின் கொடுமை புலனாகும்.

கடலைத் தடுக்க இத்தாலி அரசு ‘மோசே’ என்னும் பெயரால் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. காயலுக்குள் கடல் நுழையும் வாயில்கள் மூன்று: லீடோ, மலமோக்கோ, கியோஜா. அவற்றின் அடித்தரையில் 78 இரும்புக் கதவுகள் நீர் நிரம்பிப் படுத்திருக்கும். பெருவெள்ளம் வரும் என்று அறிந்ததும் அவற்றுள் காற்றைச் செலுத்துவர். நீர் வெளியேற, கதவுகள் எழுந்து கடலை மறிக்கும். 2003-இல் தொடங்கிய அவ்வேலை பல இடர்களைக் கடந்து, 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் முதல் முறையாக ஒரு வெள்ளத்தைத் தடுத்தது. அன்று சான் மார்க்கோ சதுக்கம் நனையவில்லை. ஆயினும் இஃது இறுதி விடை என்று எவரும் கூறத் துணியவில்லை. கதவுகள் மூடியிருக்கும் வேளையில் பெருங்கப்பல்கள் நேரே துறைமுகத்துக்குள் வர இயலாது. காயலுக்கும் கடலுக்கும் இடையே நீர் மாறும் ஓட்டமும் தடைப்படும். கடல் மேலும் உயருமானால் கதவுகளை அடிக்கடி மூட வேண்டி வரும். கப்பல்களால் வாழ்ந்த நகரம், தன்னைக் காத்துக்கொள்ளக் கப்பல்கள் வரும் வழியையே அடைக்க வேண்டியிருக்கிறது. கானலெட்டோ தீட்டிய திறந்த துறைமுகத்தை நினைத்துப் பார்ப்பவர்க்கு இது வருத்தம் தரும் செய்தியே.

ஓவியம் சாட்சியாகும் செய்திக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. முன்னர்க் கூறிய பெல்லோட்டோ தம் பிற்காலத்தில் போலந்து நாட்டுத் தலைநகராகிய வார்சாவில் அரசவை ஓவியராக விளங்கி, அந்நகரத் தெருக்களை மாமனிடம் கற்ற நுட்பத்தோடு தீட்டினார். இரண்டாம் உலகப் போரில் வார்சா தரைமட்டமாக்கப்பட்டது. போருக்குப் பின் பழைய நகரை மீண்டும் எழுப்பிய கட்டடக் கலைஞர்கள் பெல்லோட்டோவின் ஓவியங்களையும் துணையாகக் கொண்டனர். ஆனால் அவரும் சில கட்டடங்களை அழகுக்காக மாற்றித் தீட்டியிருந்தார். அவர் செய்த மாற்றங்கள் சில, புதிய சுவர்களிலும் இடம்பெற்றன. சாட்சி எங்கே உண்மை கூறுகிறது, எங்கே அழகு கூறுகிறது என்று பிரித்தறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இது சான்று.

கானலெட்டோவின் பிற்கால வாழ்வு பெருஞ்செழிப்பில் கழியவில்லை. 1740-இல் ஐரோப்பாவில் மூண்ட போரால் ஆங்கிலப் பயணிகளின் வரவு குறைந்தது. 1746-இல் அவரே இலண்டன் சென்று ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே தொழில் செய்தார். ஊர்க்காட்சி தீட்டுவதைத் தாழ்ந்த கலையாகக் கருதிய வெனிஸ் ஓவியக் கழகம், 1763-இல்தான் அவரை உறுப்பினராக ஏற்றது. 1768-இல் அவர் மறைந்தார். புராணக் கதைகளையும் வீரர் வரலாறுகளையும் தீட்டுவதே உயர்கலை என்று எண்ணிய அக்காலத்தார், சுவரையும் படியையும் அதில் படிந்த பாசியையும் நோக்கிய கண்ணுக்கு உரிய மதிப்பை அளிக்கவில்லை.

மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றை மனத்திற் கொள்ளலாம். எந்தக் குறிப்பு எதிர்காலத்தில் யாருக்கு உதவும் என்பதை எழுதுபவரோ வரைபவரோ முன்கூட்டி அறிய இயலாது. கானலெட்டோ கடல்மட்டத்தை ஆராய முற்படவில்லை. அவர் காலத்தில் அவ்வாராய்ச்சிக்குத் தேவையும் எழவில்லை. கண்முன் இருந்ததைக் கவனித்தார். சிறியது என்று எண்ணி விட்டுவிடாமல் உரிய இடத்தில் உரிய அளவில் குறித்தார். ஆய்வுக்கூடத்தில் அளவு குறிக்கும் மாணவருக்கும், ஊரின் ஏரியில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று எழுதி வைப்பவருக்கும் அந்தக் கவனமே வேண்டும். ஓவியர் போற்றிய குடியரசு போயிற்று. அவர் கண்ட மணிக்கூண்டும் வீழ்ந்தது. அவர் குறித்த பாசிக்கோடு மட்டும், கடல் இன்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வெனிஸ் மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.